மேல் வரிசை

அந்தப் பெட்டியைக் கீழே வைக்கலாம், சார். யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். உள்ளே வண்டிக்குப் போடுகிற உலோக புஷ்தானே? மூலையில் எண்ணெய் கசிந்து அட்டை நனைந்திருக்கிறது, அதனால் கேட்டேன். ராணிப்பேட்டையிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்களா? வேண்டாம், திறக்க வேண்டாம். எனக்குக் காட்ட வேண்டியதில்லை. மேல் வரிசையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பளபளவென்று, ஒவ்வொன்றுக்கும் காகிதம் சுற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைச் சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் அடுக்குகிறார்கள். தக்காளிக் கூடையும் அப்படித்தான், கல்யாணப் பேச்சும் அப்படித்தான்.

என் பெயர் ஏகாம்பரம். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பிரேக் கம்பெனியில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். வெளியிலிருந்து வருகிற சரக்கைப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்கிற வேலை. உங்களைப் போன்றவர்களுக்குப் பிடிக்காத வேலை. இன்று இங்கே வேலை கேட்டு வந்திருக்கிறேன். இந்த வயதிலா என்று உங்கள் முகம் கேட்கிறது. ஐம்பத்து நான்கு. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கம்பெனிக்காரர்கள் எனக்கு வைத்த டீயா? இல்லை, இருக்கட்டும். நீங்கள் குடியுங்கள். சப்ளையர் கொடுக்கிற டீயை இன்ஸ்பெக்டர் குடிக்கக் கூடாது. எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை, நானே வைத்துக்கொண்டது. ஒரு டீ குடித்துவிட்டால் அடுத்த பெட்டியைக் கை கொஞ்சம் மரியாதையாகத் திறக்கும். மரியாதையாகத் திறக்கிற கை மேல் வரிசையோடு நின்றுவிடும். பாருங்கள், அந்த ரிசப்ஷன் பெண் மறுபடியும் எட்டிப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்க்கிறாள். குடித்தேனா என்று உள்ளே போய்ச் சொல்வாள். எதற்கு?

நீங்கள் பார்க்க வந்திருக்கிற நூருல்லா பாய் இருக்கிறாரே, இந்தக் கம்பெனி முதலாளி, அவர் அந்தக் காலத்தில் எங்களுக்கு பிரேக் பின், அதாவது பிரேக்கில் போடுகிற இரும்பு ஆணி, செய்து கொடுத்தவர். சின்னப் பட்டறை. நான் அதிகம் திருப்பி அனுப்பியது அவர் சரக்கைத்தான். என் கவுண்டருக்கு எதிரே ஒரு மர பெஞ்சு இருந்தது. அதில் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அளந்துகொண்டே இருப்பேன். ஒரு நாளும் அவருக்கு டீ சொன்னதில்லை. இன்று நான் பெஞ்சில், அவர் உள்ளே. எனக்கு டீ வந்திருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று அது வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், இந்தத் தாள் குட்டையாகத்தான் இருக்கிறது. கத்தரித்தது. பயோடேட்டா. நானே கத்தரித்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கம்பெனியில் ஒரு நாள் கூப்பிட்டு, இனிமேல் சரக்கை சப்ளையரே சோதித்துச் சான்று கொடுத்துவிடுவார், நம் பக்கம் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்றார்கள். திருடனே பூட்டுக்குச் சான்று கொடுப்பது மாதிரி அல்லவா என்று கேட்டேன். சிரித்தார்கள். சால்வை போட்டார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் இருந்தால் என்ன செய்வது? காய்கறிக்காரர் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அவர் இப்போது எங்கள் தெருவுக்கு வருவதில்லை. கேஸ் சிலிண்டரை எடை போடச் சொன்னேன். குமுதா, என் மனைவி, வாசலில் எல்லார் எதிரிலும் சொன்னாள்: "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நானும் இவரோட இன்ஸ்பெக்‌ஷன்லதான் நிக்கிறேன். இன்னும் பாஸ் போடல." சிலிண்டர்காரன் அப்படிச் சிரித்தான். சிலிண்டரில் எடை குறைவு என்பதை அந்தச் சிரிப்பிலேயே மறைத்துவிட்டுப் போய்விட்டான்.

பிறகுதான் மருமகள் ஆரம்பித்தாள். ஜெயரூபா. ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர்கள் பயோடேட்டாவைப் படிப்பவள். அவள் ரெஸ்யூம் என்பாள். மகன் துபாயில் இருக்கிறான், இவள் எங்களோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"மாமா, உங்க ரெஸ்யூமைக் குடுங்க, பார்க்கிறேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னா? வேலைக்கு அனுப்பத்தான்."

நான் உடனே குமுதாவைப் பார்த்தேன். அவள் ரசத்தைப் பார்த்தாள். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. இரண்டு பேரும் முன்னமே பேசி வைத்திருக்கிறார்கள். மாமனார் பகலெல்லாம் வீட்டில் இருப்பது மருமகளுக்குச் சங்கடம்தானே. நான் தப்புச் சொல்லவில்லை. ஆனால் நேராகச் சொல்லலாம் அல்லவா?

கொடுத்தேன். படித்தாள். "மேலே ஒண்ணுமே இல்லையே மாமா. பேர், பிறந்த தேதி, அப்பா பேர்னு ஆரம்பிக்குது. மேலே நாலு வரி வேணும். சம்மரி. நீங்க யாரு, என்ன செஞ்சீங்க, அதனால என்ன ஆச்சு. எங்க ஆபீஸ்ல முக்கால்வாசிப் பேர் அந்த நாலு வரிக்குக் கீழ இறங்குறதே இல்ல" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மேஸ்திரி சொல்லிக் கொடுத்த முதல் பாடம், மேல் வரிசையை நம்பாதே. கையை ஓரமாக விட்டு அடியிலிருந்து எடு. எவனும் நல்ல பீஸை அடியில் வைக்க மாட்டான். வாழ்நாள் முழுக்க அடியிலிருந்து எடுத்தவனிடம், உனக்கு ஒரு மேல் வரிசை அடுக்கு என்கிறாள். காகிதம் சுற்றி.

இருந்தாலும் எழுதினேன். கடின உழைப்பாளி. நேர்மையானவர். எல்லாரோடும் இணைந்து பணியாற்றுபவர். கம்பெனியில் சின்னப் பையன்கள் தங்கள் பயோடேட்டாவில் போட்டிருந்ததைப் பார்த்து எழுதியதுதான். அவள் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, உங்க பேரை எடுத்துட்டு எதிர் ஃப்ளாட் அங்கிள் பேரைப் போட்டா இது பொருந்துமா?"

பொருந்தும். எதிர் வீட்டுக்காரர் மாநகராட்சியில் கொசு மருந்து அடித்தவர்.

"அப்ப இது சம்மரி இல்ல மாமா. யாருக்கும் பொருந்துற சட்டை. நேர்மையானவர்னு நீங்களே சொன்னா எவன் நம்புவான்?"

அது உண்மைதான். ஒரு பெட்டியின் மேல் 'முழுவதும் சோதிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் அதை நான் இரண்டு தடவை திறப்பேன். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுபடி எழுதினேன். இந்தத் தடவை எனக்குத் தெரிந்த முறையில். எங்கள் ரிப்போர்ட்டில் குறையை மட்டும்தான் எழுதுவோம், சார். சரியாக இருப்பதை எழுதுகிற வழக்கமே இல்லை. எழுதாமல் விட்டால் சரி என்று அர்த்தம். அந்த முறைப்படி எழுதினேன். கண்: கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி தேவை. முதுகு: நெடுநேரம் நிற்க இயலாது. கம்ப்யூட்டர்: குறைவு. மேலாளர்களோடு ஒத்துப்போவது: குறிப்பிட்ட அளவுக்குள் இல்லை. மற்றவை சரி.

ஜெயரூபா படித்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், சிரித்துச் சிரித்து குமுதாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அத்தை, 'மற்றவை சரி'யாம்!" குமுதாவும் சிரித்தாள். "அதை நான்தானே சொல்லணும்" என்றாள். பிறகு மருமகள் சட்டென்று நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. சிரித்ததால் வந்த தண்ணீர் சிரிப்பு நின்ற பிறகும் வருமா? அதை நான் குறித்து வைத்துக்கொண்டேன். ஏதோ முடிவு பண்ணிவிட்டாள் என்று தோன்றியது.

அன்று மாலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, நீங்க செஞ்ச வேலையால என்ன நடந்தது? அதைச் சொல்லுங்க."

"ஒண்ணும் நடக்கலம்மா."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"அதாம்மா வேலையே. ஒண்ணும் நடக்காம இருக்கணும். பிரேக் பிடிக்கணும், வண்டி நிக்கணும், ஆள் வீட்டுக்குப் போகணும். யாருக்கும் என்னைத் தெரியாது. தெரிஞ்சா நான் தப்பு பண்ணியிருக்கேன்னு அர்த்தம்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொள்கிற மாதிரி. பிறகு, ஒரு சண்டையாவது சொல்லுங்கள் என்று விடாமல் பிடித்துக்கொண்டாள். அந்த பிரேக் பின் கதையைச் சொன்னேன்.

நூருல்லா பாய் சரக்குதான். ஒரு லாட் பிரேக் பின். அளவெல்லாம் சரி. பள்ளம் வெட்டின இடத்தில், லென்ஸில் பார்த்தபோது, தலைமுடி மாதிரி ஒரு கோடு. அடியிலிருந்து எடுத்த ஒரு பீஸில்தான். விரிசலா, சாணை பிடித்த தடமா? எனக்கு விரிசல் என்று பட்டது. மேனேஜர் பார்த்தார், தெரியவில்லை என்றார். இன்னொருவர் பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. உற்பத்தி லைன் நின்றுபோகும், கையெழுத்துப் போடய்யா என்று கத்தினார்கள். நான் போடவில்லை. மொத்தத்தையும் திருப்பி அனுப்பினேன். பாய் அந்த பெஞ்சிலிருந்து எழுந்து பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பட்டறை கொஞ்ச நாள் ஓடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அது விரிசல்தானா, சார்? எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பீஸும் அவரோடு போய்விட்டது. எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அன்றைக்கு என் கண் பார்த்ததா, என் சந்தேகம் பார்த்ததா? சந்தேகப்படுகிறவனுக்கு லென்ஸ் கொடுத்தால் கோடு தெரியாமலா போகும்? இதை மட்டும் ஜெயரூபாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவள், "அப்புறம் அது என்னாச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையா மாமா?" என்றாள். யாரிடம் போய்க் கேட்பது?

அதற்கப்புறம்தான் வீட்டில் நடமாட்டம் மாறியது. என் அறைக்கு ஒரு மேஜை வந்தது. நாற்காலி வந்தது, வளைத்துத் திருப்பிக்கொள்கிற விளக்கு வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அறையை அவள் ஆபீஸாக எடுத்துக்கொள்ளப் போகிறாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள் அல்லவா இப்போது. நாற்காலிக்கு முதுகுத் தலையணை வேறு. அவளுக்கு முதுகுவலி என்று நான் கேள்விப்பட்டதில்லை. எனக்குத்தான் உண்டு.

ஒரு நாள் பால்கனியில் நின்று போனில் மெதுவாகப் பேசுகிறாள். நான் துணி எடுக்கப் போனேன். சரி, கேட்கத்தான் போனேன். "ஆமா, மாமா வீட்லதான் இருக்கார். இல்லங்க, அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வேணாம்பார். நீங்க எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, நான் கூட்டிட்டு வரேன்." என் கையிலிருந்து கிளிப் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எங்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறாள்? நீங்களே சொல்லுங்கள். தாம்பரம் பக்கம் புதிதாக முதியோர் இல்லம் திறந்திருக்கிறார்கள் என்று பேப்பரோடு நோட்டீஸ் வந்த வாரம் அது.

குமுதாவிடம் கேட்டேன். "இந்தப் பொண்ணு யார்கிட்டயோ என்னைப் பத்திப் பேசுறா."

"பேசட்டுமே. உங்களைப் பத்திப் பேச ஒரு ஆளாவது இருக்கே."

"உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நாளைக்குக் காலைல வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் குடுக்கணும்."

பாருங்கள், சட்டைவரைக்கும் தயார்.

மறுநாள் அந்த மேஜைமேல் இந்தத் தாள் இருந்தது. மேலே அந்த நாலு வரி. இங்கிலீஷில். இருங்கள், எடுக்கிறேன். இல்லை, குப்பையில் போடவில்லை. கத்தரித்ததைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள். தமிழில் சொல்கிறேன், கேளுங்கள்.

'வெளியிலிருந்து வரும் பிரேக் பாகங்களைச் சோதிப்பவர். இவர் கையைத் தாண்டித்தான் அவை வண்டிக்குள் போயின. இவர் வேலை சரியாக நடந்த நாட்களில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. இவர் திருப்பி அனுப்பிய சரக்கை, அதைச் செய்தவரே வெட்டிப் பார்த்து, விரிசலைக் கண்டு, வேறு யாருக்கும் விற்காமல் பழைய இரும்பாகப் போட்டார்.'

அவ்வளவுதான். கடின உழைப்பாளி இல்லை. நேர்மை இல்லை. எதிர் வீட்டுக்காரர் பேரைப் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை.

ஆனால் அந்தக் கடைசி வரி! அது எனக்கே தெரியாத விஷயம். அவளைக் கூப்பிட்டேன். சத்தம் போட்டுவிட்டேன். "இது யார் சொன்னது? நீயா எழுதிக்கிட்டியா?"

அவள் அசையவில்லை. "பாய் சொன்னார் மாமா. நூருல்லா பாய். நம்பர் தேடிப் பிடிச்சேன். நீங்க யாரை ரொம்ப ரிஜெக்ட் பண்ணீங்களோ அவர்கிட்ட உங்களைப் பத்திக் கேட்டேன். அடியிலேர்ந்து எடுக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

அடியிலிருந்து எடுத்திருக்கிறாள். என்னையே.

பாய் என்ன சொன்னாராம் தெரியுமா? "அம்மா, அவரு திருப்பிட்டார்னா அது சரக்கு இல்ல, காயலாங்கடை இரும்பு. மத்த கம்பெனி திருப்பினதைப் பாக்கெட் மாத்தி ஸ்பேர் கடையில தள்ளுறவங்க உண்டு. இவரு திருப்பினதைத் தள்ள எனக்கு மனசு துணியல. அந்தப் பின்னை வெட்டிப் பார்த்தேன். உள்ள வரைக்கும் ஓடியிருந்தது." கடைசியில், அவர் இப்போது சும்மாவா இருக்கிறார், எனக்கு அப்படி ஒரு ஆள் வேண்டுமே என்றாராம். இதுதான் பால்கனிப் பேச்சு என்று அவள் சொல்கிறாள்.

நீங்கள் தலையாட்டுகிறீர்கள். உடனே நம்பிவிட்டீர்கள். நான் நம்பலாமா? யோசியுங்கள். வெட்டிப் பார்த்தவர் அப்போதே ஏன் எனக்குச் சொல்லவில்லை? இத்தனை வருஷம் கழித்து ஒரு பெண் போன் பண்ணினதும் ஏன் சொல்கிறார்? ஒன்று, அவளைச் சமாதானப்படுத்தச் சொல்லியிருக்கலாம். இல்லை, என்னை இங்கே வரவழைத்து அந்த பெஞ்சுக்குப் பதில் இந்த பெஞ்சில் உட்கார வைக்கலாம். அதுவும் இல்லையென்றால், பெரிய கம்பெனிக்காரர்கள் வரும்போது, எங்கள் சரக்கை அதிகம் திருப்பி அனுப்பினவரே இப்போது எங்களிடம் இருக்கிறார் என்று காட்டலாம். அப்படியானால் நான் யார்? இந்தக் கம்பெனியின் மேல் வரிசை.

அதனால்தான் கத்தரித்தேன். இன்று காலை, குமுதாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்து, நேராக. மேலே இருந்த நாலு வரி இல்லாமல் இந்தத் தாளைக் கொடுப்பேன். பிறந்த தேதி, அப்பா பெயர். இதைப் பார்த்து எடுத்தால் எடுக்கட்டும். முதலில் நான்தான் அவரைக் கேட்கப் போகிறேன். பாய், அந்தப் பின்னை வெட்டினீர்களா? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் எனக்கு. தெரியும் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் இருக்கிறவர்கள் முகத்தையே ஒழுங்காகப் படிக்கத் தெரியாதவன் என்று குமுதா சொல்வாள். அது வேறு.

வெட்டவில்லை என்று சொல்லிவிட்டால்? இப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன். வேலை போனாலும் போகட்டும். நான் திருப்பி அனுப்பினது எல்லாமே வெறும் கோடாக இருந்திருந்தால், என்ன எழுதுவது, சார்? மேலேயும் எழுத ஒன்றும் இல்லை, கீழேயும் இல்லை.

என்னம்மா? என்னையா? இவர் அல்லவா எனக்கு முன்னால் வந்தவர்?

கேட்டீர்களா, சார், இந்த ரிசப்ஷன் பெண் என்ன சொல்கிறாள் என்று? "பாய் அப்பவே உங்களைக் கூப்பிடச் சொன்னார் சார். நான் ரெண்டு மூணு வாட்டி வந்து பார்த்தேன், நீங்க இவர்கிட்ட பேசிக்கிட்டே இருந்தீங்க. குறுக்க வர வேணாம்னு போயிட்டேன்." காக்க வைத்தது நானாம்.

டீயா? குடிக்கவில்லையம்மா. பார்த்தாயே. என்ன? மறுபடி சொல்லு.

"குடிக்கலைன்னு சொன்னேன், பாய் சிரிச்சார் சார். மாறவே இல்ல மனுஷன்னார். இது சப்ளையர் டீ இல்ல, நம்ம டீ, குடிச்சுட்டு வரச் சொல்லுன்னார். மேஜை போட்டு வெச்சிருக்கார் உள்ள. அதுமேல ஏதோ வெட்டின பின் ஒண்ணு வெச்சிருக்கார், துருப்பிடிச்சது. அதை யாரும் தொடக் கூடாதாம், நீங்கதான் பார்க்கணுமாம்."

...

வெட்டின பின்.

இல்லை சார், ஒன்றும் இல்லை. கண்ணாடியில் தூசு.

வைத்திருந்திருக்கிறார். துருப்பிடிக்கிற வரைக்கும் வைத்திருந்திருக்கிறார். பார்க்கிறேன். லென்ஸ் கொண்டுவந்திருக்கிறேன். அது அந்தப் பின்தானா என்று பள்ளத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். வேறு எதையாவது வெட்டி வைத்திருந்தால்? சரி, சரி. உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

டீ ஆறிவிட்டது. பரவாயில்லை, மேலே இருக்கிற ஆடையை எடுத்துவிட்டால் அடியில் நன்றாகத்தான் இருக்கும். ம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

உங்கள் பெட்டியும் அநேகமாக என் மேஜைக்குத்தான் வரும், சார். இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், அதற்காகக் கை மரியாதையாகத் திறக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஏம்மா, கொஞ்சம் செல்லோடேப் இருக்குமா? இந்தத் துண்டை இந்தத் தாளோடு ஒட்ட வேண்டும். கத்தரித்த இடம் நேராகத்தான் இருக்கிறது, பொருந்தும். இல்லையம்மா, அங்கே இல்லை. மேலே வேண்டாம். அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் முடிந்த பிறகு, கீழே.

ஆமாம், அடியில்.